கலர் அக்காவின் ஊசி

கலர் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுடைய தையல் கடைக்கு ஒருமுறை போய் வந்தவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்க மாட்டார்கள். துணியைக் கையில் கொடுத்தால் வாசல் வெளிச்சத்தில் ஒரு தரம் புரட்டிப் பார்ப்பாள். பிறகு நூல் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கண்டை எடுப்பாள். அதற்கு மேல் பேச்சே கிடையாது. "இது நீலம்தானே" என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் தொலைந்தார்கள். "நீலமா? போய்க் கண்ணைக் கழுவிட்டு வாங்க. இது நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவுல போற கலர். இதுக்கு நீல நூல் போட்டா தையல் பல்லை இளிக்கும்" என்பாள். அவள் கண் சொன்னால் சொன்னதுதான். அந்தத் தெருவில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

அவளுடைய ஒரே தம்பி மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நாற்காலி சார். அவர் சும்மா நின்று பாடம் நடத்துகிற ஆள் இல்லை, அதுதான் காரணம். வலி மருந்துப் பாடம் வந்தால் மேடையில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிடுவார். "மூளையில இந்த மாதிரி நாற்காலிங்க நிறைய இருக்கு. மார்ஃபீன் வந்து இந்த முதல் நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்துட்டா வலி வாயை மூடிக்கும்" என்று ஒரு பையனைப் பிடித்து உட்கார வைப்பார். அடுத்து இன்னொருவனை எழுப்புவார். "இவர் பேர் பென்டாசோசின். தொழிற்சாலையில பொறந்தவர். மார்ஃபீன் வர்ற அபின் செடியைக் கண்ணால பாத்தது கிடையாது, ஆனா நானும் அந்தக் குடும்பம்தான்னு சொல்லிக்கிட்டு வருவார். இந்த நாற்காலியில பாதி உக்காருவார், அந்த ரெண்டாவது நாற்காலி மேல காலைப் போடுவார். ரெண்டாவதுக்குப் பேர் கப்பா. வலி குறையும், வாஸ்தவம்தான். ஆனா சில பேருக்கு இந்தக் கப்பா நாற்காலி இல்லாததை எல்லாம் காட்டும். டிக்கெட் வாங்காத சினிமா!"

வகுப்பு சிரித்து உருளும். இந்தப் பாடத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதுதான் இந்தக் கதை. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஒரு நாள் அக்கா பஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டாள். தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, பெண்கள் எலும்பு வார்டில், எட்டாம் நம்பர் படுக்கை கிடைத்தது. அந்த வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லாரும் நம்பர்தான். நம்பர்கள் சுவரில் கறுப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். கேஸ் தாள்களோ சிஸ்டரின் மேசையில் அடுக்கியிருக்கும். "எட்டுக்கு ஊசி, பதினொண்ணுக்குக் கட்டு" என்றுதான் அங்கே பேச்சு.

முதல் நாள் வலிக்கு அக்காவுக்குப் போட்டது அதே பென்டாசோசின் ஊசி. மறுநாள் காலையில் தம்பி போனபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், என்ன ஊசிடா அது! அந்தத் திரையில பூப் போட்டிருக்கு பாரு, அதெல்லாம் எறங்கி வந்து வரிசையா நடந்து போச்சு. கலர்னா கலர், அப்படி ஒரு கலர். என் டப்பாவுல இருக்கற எந்த நூலும் அதுக்குப் பக்கத்துல நிக்காது."

"அதுதான்க்கா சினிமா. அந்த மருந்து சில பேருக்கு இப்படிக் காட்டும். நான் கிளாஸ்ல வருஷா வருஷம் சொல்றதுதான்" என்றார் அவர். தன் பாடம் தன் அக்காவுக்கே நடந்துவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. மனுஷ புத்தி அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய!

பக்கத்தில் ஜன்னலோரம், ஒன்பதாம் நம்பரில், ஒரு அம்மா இருந்தாள். புற்றுநோய் எலும்புவரை போய், படுக்கையில் புரண்டதற்கே இடுப்பு முறிந்துபோனவள். அவளுடைய கணவர் இஸ்திரிக் கடைக்காரர். கடையை மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தார். அன்று காலை அவர் நாற்காலி சாரிடம் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"இந்த மார்ஃபீன் மாத்திரைலதான் சார் அவ வண்டி ஓடுது. இது உள்ள இருந்தா என்கிட்ட நல்லா பேசறா. சிரிக்கக்கூடச் செய்யறா."

"நல்ல மருந்து. நேரம் தவறாம குடுங்க" என்று சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார் சார். அதாவது அந்த அம்மா என்ன மருந்தில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவர் கையிலேயே வாங்கிப் பார்த்திருக்கிறார்.

அவர் போன பிறகு ஜன்னல் வெயில் அந்த அம்மாவின் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவதிப்படுவதைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கு வெளிச்சம்தான் சோறு. அவங்களை இங்க போட்டுட்டு என்னை அங்க தள்ளுங்க" என்று வார்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். கட்டில்களுக்குச் சக்கரம் இருந்தது. இப்படி ஒன்றை இழுத்து, அப்படி ஒன்றைத் தள்ளி, மாற்றிவிட்டார்கள். கேஸ் தாள்களில் நம்பரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுவரில் இருந்த நம்பர் மட்டும் எங்கே போகும்? அது அங்கேயேதான் இருந்தது.

மதியம் தம்பி மறுபடியும் வந்தபோது வார்டே அலறிக்கொண்டிருந்தது. அலறியது இஸ்திரிக் கடைக்காரரின் மனைவி. சத்தம் நிற்கவே இல்லை. கணவர் பக்கத்தில் நின்று தவித்துக்கொண்டிருந்தார். சாரைக் கண்டதும் ஓடி வந்தார்.

"சார், நீங்க பெரிய டாக்டர், கொஞ்சம் என்னன்னு பாருங்க. இப்பத்தான் வீட்டுலேருந்து நல்ல விரிப்பா தேச்சுக் கொண்டுவந்து, மெதுவா தூக்கி விரிச்சுப் போட்டேன். அதுலேருந்து இப்படிக் கத்தறா."

"வியாதி முத்தினா அப்படித்தாங்க. நான் பாடம் நடத்தற டாக்டர், வைத்தியம் பாக்கறவன் இல்ல. டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலோரம் மாறியிருந்த அக்காவிடம் வந்தார்.

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வலியில் வெளுத்திருந்தது.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. எனக்கு இன்னிக்கு ஊசியே போடலடா. அந்தச் சின்ன டாக்டரம்மா என் ஊசியை அவங்களுக்குப் போட்டுட்டா. நான் கண்ணால பாத்தேன். அவங்க சுவத்துப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தாங்க. இவ வந்தா, கைய எடுத்தா, போட்டா, போயிட்டா. 'ஏம்மா, அந்தக் கால் கேஸ் நான்'னு கத்தினேன். அவ போன்ல பேசிக்கிட்டே போயிட்டா. அப்புறம்தான் அவங்க கத்த ஆரம்பிச்சாங்க."

அவர் சிஸ்டர் மேசைக்குப் போய்த் தாளைப் பார்த்தார். எட்டாம் நம்பருக்கு ஊசி போட்டாயிற்று என்று கையெழுத்து இருந்தது. திரும்பி வந்து அக்காவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"போட்டாச்சுக்கா. எழுதியிருக்கு. நேத்து பூ நடந்துச்சு இல்ல, அதே சினிமாதான் இன்னிக்கும். அது மருந்துக்கா."

"இல்லடா! நேத்து பாத்தது வேற. அதுல எல்லாம் பளபளன்னு எரிஞ்சுது. இது சாதா கலருடா. அவ போட்டிருந்த கோட்டு தோய்ச்சுத் தோய்ச்சு மஞ்சளடிச்ச வெள்ளை. பாக்கெட்ல மசிக் கறை. சினிமாவுல மசிக் கறை எல்லாம் வருமா? எனக்குக் கால்ல உயிர் போகுதுடா."

சும்மா சொல்லக்கூடாது, இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி எந்தக் கோர்ட்டிலும் சொன்னதில்லை. இந்த மேதாவி என்ன சொன்னார் தெரியுமா? "அப்படித்தான்க்கா தோணும். நிஜம் மாதிரியே இருக்கும். அதுதான் அந்த மருந்தோட வேலை" என்றார். போடவே போடாத ஊசியைக் காரணம் காட்டி, அந்த ஊசியைப் போடவில்லை என்ற பேச்சையே பொய்யாக்கிவிட்டார். படித்தவனால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அந்த மருந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவன் அங்கே நின்றிருந்தால், "அப்படியா, இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று போயிருப்பான்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள். "அவ்ளோ தெளிவா இருந்துச்சேடா" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள்.  இனி அக்காவுக்கு அந்த ஊசி வேண்டாம், வேறு மருந்து கொடுங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்த நிறைவோடு அவர் டீ குடிக்கப் போனார்.

சாயங்காலம் அந்த அம்மாவின் அலறல் தானாக அடங்கியது. அப்படியே தூக்கத்தில் விழுந்தாள். அந்தத் தூக்கம் முழுசாகத் தெளியவே இல்லை. இரண்டொரு நாளில் நோய் அவளை முடித்துவிட்டது. காலிக் கட்டிலில் புது விரிப்பு போட்டார்கள். அக்கா மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, அம்மா சரியில்ல. கடையில உக்காந்திருக்காங்க, ஆனா நூல் எடுக்க மாட்டேங்கறாங்க. நேத்து ஒருத்தங்க துணி கொண்டு வந்தா, 'இது என்ன கலருடி?'ன்னு என்னைக் கேக்கறாங்க. எங்கம்மா என்னைக் கேக்கறாங்க மாமா! வாசல்ல ஒரு பூனை போச்சு. 'அங்க பூனை இருக்கா?'ன்னு கேட்டுட்டு, நான் ஆமான்ன அப்புறம்தான் வெரட்டினாங்க."

"விழுந்த அதிர்ச்சிதான். போகப் போகச் சரியாயிடும்" என்றார் அவர். அவரிடம் எதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

அதற்கடுத்த வாரம் வகுப்பில் வலி மருந்துப் பாடம் வந்தது. நாற்காலிகள் மேடைக்கு வந்தன. மார்ஃபீன் பையன் சாய்ந்து உட்கார்ந்தான். பென்டாசோசின் பையன் ஓரமாக நின்றான். இந்த வருஷம் சாரிடம் புதுச் சரக்கு வேறு இருந்தது.

"இந்தக் கதையைக் கேளுங்க. என் சொந்த அக்கா. இந்த ஊசியைப் போட்டதும், தனக்கு ஊசியே போடலையாம், பக்கத்து பெட்டுக்குப் போட்டுட்டாங்களாம், கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்றாங்க! டாக்டர் கோட்டுல மசிக் கறை இருந்துச்சுன்னு அதையும் சொல்றாங்கப்பா. கப்பாவோட கைவண்ணம் எப்படி!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு வாயாடிப் பயல் எழுந்தான். "சார், அப்ப பக்கத்து பெட்டுக்காரங்களுக்கும் சினிமா ஓடுச்சா சார்?"

மறுபடியும் சிரிப்பு. சாரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தார். "அவங்களுக்கா? அவங்க மார்ஃபீன்ல இருந்தவங்கப்பா. அவங்களுக்கு இது போயிருந்தா சினிமா மட்டுமா ஓடும்? இங்க பாருங்க." இதுதான் பாடத்தின் அந்த இன்னொரு பாதி. பென்டாசோசின் பையனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவன் வருஷா வருஷம் நடக்கிற மாதிரியே மார்ஃபீன் பையனை நாற்காலியிலிருந்து இடித்துக் கீழே தள்ளிவிட்டு, பாதி உட்கார்ந்தான். "மார்ஃபீன் உக்காந்திருக்கற வீட்டுக்கு இவரைக் கூப்பிடவே கூடாது. அவரைத் தள்ளிடுவார். முழுசா உக்காரவும் மாட்டார். அதுவரைக்கும் அடங்கி இருந்த வலி மொத்தமா திரும்பி வந்து, ஆளு அலற…"

அங்கே நின்றுவிட்டார்.

கீழே விழுந்த பையன் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வகுப்பு காத்திருந்தது. அவர் காதில் அந்த மதிய வார்டு அலறியது. மாத்திரை அட்டை ஞாபகம் வந்தது. இடம் மாறிய கட்டில்கள் ஞாபகம் வந்தன. மசிக் கறையும் ஞாபகம் வந்தது. "இன்னிக்கு இதோட போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சாக்பீஸ் கையிலேயே இருந்தது.

அன்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்த சின்ன டாக்டரம்மா, அந்தப் பயிற்சி டாக்டர் பெண், அவரிடமே படித்தவள்தான். வார்டு வாசலில் பிடித்தார்.

"எலும்பு வார்டுல எட்டாம் நம்பருக்கு ஒரு நாள் மத்தியானம் ஊசி போட்டியே, அவங்க ஜன்னலோரமா இருந்தாங்களா, உள்பக்கமா?"

அவள் யோசித்தாள். "உள்பக்கம்தான் சார். சுவத்துல எட்டுன்னு போட்டிருந்துச்சு. சுவத்துப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்ப வேணாம்னு போட்டுட்டு வந்தேன். அன்னிக்கு ஒரே ஓட்டம் சார். ஏன் சார்?"

அவள் கோட்டுப் பாக்கெட்டில் மசிக் கறை அப்படியே இருந்தது. தோய்த்தும் போகாத கறை.

அவர் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தம்மா அன்னிக்குக் கத்தினாங்களே சார். நான்தான் சார் போய்ப் பாத்தேன். நோய்தான்னு எழுதினேன்" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றார் இவர்.

"எதுக்கு சார் பொறுக்கணும்?" என்று கேட்டாள் அவள்.  முதல் தடவையாக இவரிடம் பதில் தயாராக இல்லை. அவள் நேராக உள்ளே போய்விட்டாள்.

இவர் வார்டு வாசலிலேயே நின்றார். அவள் செய்தது பிசகு. ஓட்டத்தில், நம்பரைப் பார்த்து நடந்தது. நான் செய்தது என்ன? அக்கா சொன்னார்களே! சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேனே! எப்படியும் இறக்கப் போகிறவள்தானே என்று ஒரு நினைப்பு உள்ளே தலையைக் காட்டியது. அப்படி நினைத்ததற்காக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சாகப் போகிறவளுக்கு அந்த ஒரு மதியம்தானே சொத்து.

அன்று சாயங்காலமே அக்காவின் கடைக்குப் போனார். அக்கா மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நூல் டப்பா மூடியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நீ பாத்தது நிஜம்."

"எது?"

"ஊசி. உனக்குப் போடல. அவங்களுக்குத்தான் போயிருக்கு. அந்தப் பொண்ணையே கேட்டுட்டேன். மசிக் கறைகூட இருக்கு. நான்தான்க்கா தப்பு. என்னை மன்னிச்சிடு."

 அக்காவின் முகத்தில் வெளிச்சம் ஏறியது. "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்றாள். "டேய், நான் எப்படிப் பயந்தேன் தெரியுமா? அவ்ளோ தெளிவா பாத்ததே பொய்னா, இனிமே எதைடா நம்பறதுன்னு… நூலைத் தொடவே கை வரல. பாவி, ஒரு வார்த்தையில என்னைக் குருடி ஆக்கிட்டியேடா!" சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப அந்தம்மா கத்தினது?"

"அதனாலதான்."

"நான் பாத்தேன். நான் பாத்துட்டு, நீ சொன்னேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவங்க அவ்ளோ நேரம் கத்தினாங்க, நான் பக்கத்துல படுத்துக்கிட்டு, இதுவும் பொய்யோ, இந்தச் சத்தமும் ஊசி காட்டற சினிமாவோன்னு காதைப் பொத்திக்கிட்டேன்டா." அவள் நூல் டப்பாவைத் தள்ளி வைத்தாள். "இடம் மாத்திக்கறேன்னு கேட்டதும் நான்தான்."

"உன்மேல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் என்மேலதான்."

"அதை நீ சொல்லாத. நீ சொன்னதைக் கேட்டது போதும்" என்றாள் அக்கா. "அந்த வாக்கரை எடு. அவர் கடை எங்கன்னு எனக்குத் தெரியும். வா."

இஸ்திரிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மாவுக்கட்டுக் காலோடு அவள் நடந்த நடைக்கு இரண்டு தெரு நீண்டுகொண்டே போனது. கடை என்றால் ஒரு அகல மேசை, அதன்மேல் தீய்ந்த போர்வை, கொடியில் தொங்கும் சட்டைகள், அவ்வளவுதான். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் தேய்க்கவில்லை. அக்காவை அடையாளம் தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா. நீங்கதானே எங்களுக்கு நிழல் குடுத்தவங்க?"

நாற்காலி சார் நின்றபடியே சொன்னார். நம்பர், கட்டில், ஊசி, மார்ஃபீன், எல்லாம் சொன்னார். நாற்காலி உவமையெல்லாம் இல்லை. வேடிக்கை எல்லாம் அவர் நாக்கைவிட்டுப் போயிருந்தது. "உள்ள இருந்த வலி மருந்தை அந்த ஊசி தள்ளிவிட்டுடுச்சுங்க. அதனாலதான் அந்த வலி" என்று முடித்தார்.

கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப நான் தூக்கினதால இல்லையா?"

"இல்லைங்க."

"விரிப்பு மாத்தினதால இல்லையா?"

"இல்லவே இல்ல."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.  "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் சாருக்குத் தெரியும். "பண்ணியிருக்கலாம். வேற வழியில வலியைக் குறைச்சிருக்கலாம். அக்கா அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க. நான்தான் நம்பல."

கடைக்காரர் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் வேறு எதையோ கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ அன்னிக்கு என்னைப் பாத்து ஒண்ணு சொன்னா சார். 'ஏன் என் முதுகுல பெட்டியை வச்சுத் தேய்க்கற? நான் உனக்கு என்ன பண்ணேன்'னு கேட்டா. என்னைக் கண்டு பயந்து ஒதுங்கறா சார், அந்த உடம்போட. அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல. இத்தனை வருஷம் ஒண்ணா இருந்துட்டு கடைசியா என்கிட்ட பேசினது அதுதான். எப்பவாவது நான் கோவத்துல கையை ஓங்கி, அது அவ மனசுல இருந்துச்சோன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். பெட்டியைத் தொட்டா அதுதான் கேக்குது."

"அது மருந்துங்க" என்றார் நாற்காலி சார்.

அதே வார்த்தை. இந்தத் தடவை அது சத்தியம். அது கப்பா நாற்காலியின் வேலைதான், அந்த அம்மாவின் மனசு இல்லை. ஆனால் சொல்லும்போதே அவர் குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டது.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு வந்து, வியாதி முத்தினா அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு மருந்துன்றீங்க. நான் எதை சார் நம்பறது?"

 சார் படித்தது அத்தனையும் உள்ளே இருந்தது. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

அக்கா வாக்கரைத் தள்ளிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இவனை நம்பாதீங்க. என்னைக் கேளுங்க. எனக்கு அன்னிக்கு ஊசி போடல. பக்கத்துல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் பாத்தவ நான். உங்க கையில பெட்டி எங்க இருந்துச்சு? துண்டுதான் இருந்துச்சு, ஈரத் துண்டு. வெள்ளைத் துண்டு, ஓரத்துல பச்சைக் கரை. பச்சைகூட இல்ல, வெளுத்துப்போய்ப் பாசிக்கும் சாம்பலுக்கும் நடுவுல ஒரு கலர். அதை நனைச்சு நனைச்சு அவங்க நெத்தியில வச்சீங்க. அவங்க தட்டி விட்டாங்க. நீங்க மறுபடி போய் நனைச்சுட்டு வந்தீங்க. ஒரு தடவைகூட முகம் சுளிக்கல. நான் பாத்தேன்."

கடைக்காரர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். விரித்து அவளிடம் நீட்டினார். 

அக்கா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள். "இதேதான்" என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அக்கா ஸ்டூலை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"அப்புறம்? அப்புறம் என்னம்மா பாத்தீங்க? சாயங்காலம் கத்தல் நின்னப்ப அவ என் கையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அது நெஜமா?"

"இருங்க, ஒண்ணு விடாம சொல்றேன்" என்றாள் அக்கா.

நாற்காலி சார் ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "நீங்க வெளிய நில்லுங்க சார். இவங்க சொல்லட்டும்" என்றார்.

அவர் வெளியே வந்து தெருவோரம் நின்றார். உள்ளே அக்கா நிதானமாக, அந்த மதியத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.